அப்பாவின் ஸ்கூட்டரை என்ன செய்வது?

இந்தப் பகுதிக்கு வருகிற கேள்விகள் பெரும்பாலும் எனக்குப் பழக்கமானவை. தென்னையில் வெள்ளை ஈ, நெல்லில் புகையான், மண் பரிசோதனைக்கு எவ்வளவு ஆழத்தில் மண் எடுப்பது, இப்படி. போன முறை வந்த தபால்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. ஆசிரியர் குழு அதை எனக்கு அனுப்பி, "சார், இதுக்கு நீங்கதான் சரி" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். நான் இன்னும் பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறவன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எழுதியவர் திருவாரூர் மாவட்டத்து இளைஞர். மூன்று ஏக்கர் நெல் சாகுபடி. அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறதாம். அவர் ஓட்டிய 1991 மாடல் பஜாஜ் சேட்டக், மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பழைய இரும்பு எடுக்கிறவர் 4,000 ரூபாய்க்குக் கேட்கிறார். டவுன் மெக்கானிக் 30,000 கொடுத்தால் புதுசு மாதிரி ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். அம்மாவுக்கு அதைக் கொடுக்க மனசில்லை. "வயலுக்கும் வீட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா ஐயா, இல்லை உணர்ச்சிவசப்படுகிறேனா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் வேளாண்மை அலுவலர், மெக்கானிக் அல்ல. ஆனால் 1996-இல் இருந்து ஒரே சேட்டக்கை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. அதில் நல்லதும் உண்டு, வெளியில் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறதும் உண்டு.

என் வண்டி 1989 மாடல். வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், மாற்றலாகிப் போன ஒரு ஆசிரியரிடம் 12,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு முன்னால் பேருந்தும் வாடகைச் சைக்கிளும்தான். இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பஜாஜ் நிறுவனம் இத்தாலியின் வெஸ்பாவை உரிமம் வாங்கி இங்கே செய்ய ஆரம்பித்து, 1972-இல் சேட்டக் என்ற பெயரில் தன் வண்டியைக் கொண்டுவந்தது. ராணா பிரதாப்பின் குதிரைக்கு அந்தப் பெயர். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. கல்யாணச் சீரில் "ஸ்கூட்டர் உண்டா?" என்று கேட்ட காலம். 2000-களின் நடுவில் அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். 2020-இல் வந்த மின்சார ஸ்கூட்டருக்கு அதே பெயர்தான், வண்டி வேறு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டலாம். புடவை கட்டியவர் பின்னால் வசதியாக உட்காரலாம். முன்னால் இருக்கிற தகடு காலில் சேறு அடிக்காமல் காக்கும். கால் வைக்கிற தட்டில் ஒரு உர மூட்டை நிற்கும். யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்த காலத்திலும் நின்றது, 2018-க்குப் பிறகு 45 கிலோ ஆன பிறகும் நிற்கிறது. அந்தத் தட்டில் நான் ஏற்றாதது கிடையாது. ஆடுதுறை 36 விதை மூட்டை, சி.ஆர். 1009 மினிகிட், மண் மாதிரிப் பைகள், விளக்குப் பொறி, ஒரு முறை கால் ஒடிந்த வெள்ளாடு. பின்னால் ஸ்டெப்னி தொங்குகிறதே, அதன் அருமை இரவு எட்டு மணிக்கு வாய்க்கால் கரையில் பஞ்சர் ஆனவனுக்குத்தான் தெரியும். ஐந்து நட்டைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். ஒன்று மட்டும் கவனம். அந்தச் சக்கரத்தின் ரிம் இரண்டு பாதியாக நட்டு போட்டு இணைத்தது. டியூபில் காற்று இருக்கும்போது ரிம்மின் நட்டைத் தொட்டால் முகத்தில் வந்து அடிக்கும். காற்றை முழுசாக இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

இன்னொரு நல்லது, அதன் உள்ளே மறைவாக ஒன்றும் இல்லை. பக்கத்து மூடியைத் திறந்தால் எஞ்சின். பிளக்கைக் கழற்றி, கரியை எமரித் தாளில் தேய்த்துப் போட்டால் பாதி நோய் தீரும். கிளட்ச் ஒயர் அறுந்தால் நாமே மாற்றலாம். எங்கள் ஊர் மெக்கானிக் பாய் எனக்கு இதை எல்லாம் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தார். "மாட்டுக்கு ஊசி போடத் தெரியுது, பிளக் மாத்தத் தெரியலையா சார்?" என்பார். மாட்டுக்கு ஊசி போடுவது கால்நடை மருத்துவர், நான் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு ஏறாது.

இனிக் கெட்டது. டெல்டா மண் களிமண். மழை பெய்த கரையில் பத்து அங்குலச் சக்கரம் நிற்காது. களி மட்கார்டுக்குள் புகுந்து அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாமல் போகும். குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டு நின்ற நாட்கள் ஏராளம். எஞ்சின் முழுக்க வலது பக்கம் இருப்பதால் வண்டி எப்போதும் அந்தப் பக்கம் லேசாக இழுக்கும். பழகியவனுக்குத் தெரியாது, புதிதாக ஏறுகிறவன் தடுமாறுவான். பிரேக்கைப் பற்றிச் சொல்வதானால், பிடித்தால் வண்டி நிற்கும் என்ற எண்ணத்தை மாற்றிக்கொண்டு, பிடித்தால் வேகம் குறையும் என்று வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பைபாஸ் ரோட்டில் இன்று போகிற வேகத்துக்கு அது போதாது.

பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். நான் லிட்டருக்கு 20 மில்லி ஊற்றுகிறேன். மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதிகம் ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும். அந்த ஆயிலும் சேர்ந்து எரிவதால்தான் பின்னால் நீலப் புகை. எனக்கு லிட்டருக்கு 38 முதல் 42 கிலோமீட்டர் கிடைக்கிறது. என் பக்கத்து வீட்டு எக்ஸ்.எல். 100 இதைக் கேட்டால் சிரிக்கும்.

உரம் ஏற்றுவது நல்லது என்று சொன்னேன், அதிலேயே ஒரு கெட்டது ஒளிந்திருக்கிறது. இது பழைய இரும்பு உடம்பு. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு, உப்பு வகை. மூட்டையின் தையலில் இருந்து கொஞ்சம் கொட்டி, ரப்பர் மேட்டுக்கு அடியில் போய் ஈரத்தோடு சேர்ந்தால் தகட்டைத் தின்றுவிடும். 2007-இல் என் வண்டியின் கால்தட்டில் விரல் நுழைகிற ஓட்டை விழுந்திருந்தது. மேட் மறைத்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. தகடு வைத்து வெல்டிங் செய்தேன். அதிலிருந்து உரம் ஏற்றினால் அன்றைக்கே மேட்டைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்கிறேன். இது எக்ஸ்.எல். வைத்திருக்கிறவர்களுக்கும் பொருந்தும்.

இதுவரை சொன்னது எந்த மெக்கானிக்கும் சொல்வது. நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டது வேறு ஒன்றைச் சொல்வதற்காக.

2000-ஆம் வருடம், குறுவை. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வருவாள். அவளைக் கால்தட்டில் நிற்கவைத்து ஒரு சுற்று அழைத்துப்போக வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக முன் டிக்கி இருக்கும். பூட்டு எப்போதோ கெட்டுவிட்டது. அதைத் திறந்து, நான் வாங்கி வைத்திருக்கிற தின்பண்டத்தை எடுத்துக்கொள்வாள். தினமும் நடக்கிறதுதான்.

அன்று மத்தியானம் ஒரு விவசாயி, பாதி தீர்ந்த பூச்சி மருந்து பாட்டிலை என்னிடம் கொடுத்தார். "அடிச்சும் ஒண்ணும் கேக்கல சார், போலி மருந்தான்னு பாருங்க" என்றார். சிவப்பு முக்கோணம் போட்டது. முக்கோணத்தில் சிவப்பு என்றால் அதிக நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை என்று நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். மருந்தையும் உணவுப் பொருளையும் ஒன்றோடு ஒன்று படும்படி வைக்கவோ கொண்டுபோகவோ கூடாது என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. அதையும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்கிற நானே அந்தப் பாட்டிலை ஒரு செய்தித்தாளில் சுற்றி முன் டிக்கியில் வைத்தேன். திரும்பி வரும் வழியில் பேருந்து நிலையத்தில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி அதையும் அங்கேயே வைத்தேன். வேறு இடம் ஏது என்று நினைத்தேனா, ஒன்றும் நினைக்கவில்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பக்க டிக்கி இருந்தது. அதில் ஸ்பேனரும் பழைய துணியும் கிடந்தன.

கரையில் குலுங்கியதில் மூடி தளர்ந்திருக்கிறது. தாளுக்கு வெளியே கசிந்து பொட்டலத்தை நனைத்திருக்கிறது. மகள் ஏறி நின்றாள், திறந்தாள், தின்றாள். நான் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் அவளை இறக்கியபோது என் மனைவிதான், "என்னங்க, பிள்ளை மேல மருந்து வாசனை அடிக்குது" என்றாள்.

பத்து நிமிடம் கூட ஆகவில்லை, வாந்தி எடுத்தாள். வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. கண்ணைப் பார்த்தேன், பாப்பா சுருங்கிக் கடுகு மாதிரி இருந்தது. இந்த அறிகுறிகளை நான் கல்லூரியில் படித்துப் பரிட்சை எழுதியவன். அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தேன். கிளம்பவில்லை. ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து நிமிர்த்தி மறுபடி உதைத்தேன். கிளம்பவில்லை. பதற்றத்தில் சோக்கை இழுத்து வைத்துக்கொண்டே உதைத்திருக்கிறேன், சூடான எஞ்சினில் பெட்ரோல் நிரம்பிப் பிளக் நனைந்துவிட்டது. அப்போது 108 ஆம்புலன்ஸ் எல்லாம் கிடையாது. எதிர்வீட்டுக்காரர் மாட்டுக்குப் புல் ஏற்றி வந்த டி.வி.எஸ். 50-ஐ நிறுத்தி, புல்லைத் தெருவிலேயே தள்ளிவிட்டு, மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வழியில் ஒருவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

மருத்துவர் முதலில் கேட்டது பாட்டிலைத்தான். லேபிளைப் பார்த்தார், அட்ரோபின் போட்டார். அவள் தின்றது நாலைந்து கடலைதான் இருக்கும், மீதி பொட்டலத்திலேயே இருந்தது. இரண்டு இரவு அங்கே இருந்தோம். மூன்றாம் நாள் காலை எனக்குப் பசிக்கிறது என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு என் மனைவி அழுததைப் போல அதற்கு முன்னும் பின்னும் அழுது நான் பார்த்ததில்லை. என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் டிக்கியைச் சோப்புத்தூளும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அதற்குப் பிறகு அதில் எதையும் வைக்கவிடவில்லை. இன்று வரை காலியாகத்தான் இருக்கிறது.

தவறு வண்டியினுடையது இல்லை, என்னுடையது. ஆனாலும் இந்த வகை ஸ்கூட்டர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை நான் சொல்லியாக வேண்டும். அதன் பெரிய வசதியே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். விதை, மருந்து, சாப்பாட்டுத் தூக்கு, பிள்ளை, எல்லாம் ஒரு கை எட்டும் தூரத்தில். மருந்து வாங்கி வருகிற நாளில் அதற்கென்று மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பின்னால் கட்டுங்கள். அன்றைக்குப் பிள்ளையை ஏற்றாதீர்கள். யாராவது மருந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காமல், உடம்பில் பட்டதைக் கழுவி, பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன் தம்பி. ஒரே வண்டியாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம். வயல் வேலைக்கும், முக்கியமாக ராத்திரி அவசரத்துக்கும், உதைத்தவுடன் கிளம்புகிற வண்டி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். என் வீட்டில் மகள் பிழைத்து வந்த அடுத்த மாதமே ஒரு பழைய டி.வி.எஸ். 50 வாங்கிவிட்டேன். சேட்டக்கை விற்றுவிடலாம் என்று நானும் நினைத்தேன். பாய்தான், "வண்டிய ஏன் சார் தண்டிக்கிறீங்க?" என்றார். இரண்டாவது வண்டியாக, அதன் வேலையை நீங்களே பாதி பார்த்துக்கொள்வதாக இருந்தால் அப்பாவின் ஸ்கூட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பதாயிரத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். கொட்டகையில் இரண்டு வருடம் நின்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எங்கே பழுது இருக்கும் என்பது ஓரளவு தெரிந்ததுதான். டேங்குக்குள் துரு, கார்புரேட்டரில் பிசின் மாதிரி காய்ந்த பெட்ரோல், விறைத்துப்போன ஆயில் சீல், எலி கடித்த ஒயர். பக்க மூடியைத் திறக்கும்போது குச்சியால் தட்டிவிட்டுத் திறங்கள், மாட்டுக் கொட்டகை என்கிறீர்கள், எலி இருந்தால் பாம்பும் இருக்கும். சாவி முனையால் கால்தட்டின் அடியில் குத்திப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் செலவு தகட்டில்தான் போகும், அங்கே யோசியுங்கள். தகடு நன்றாக இருந்தால் முதலில் டேங்க், கார்புரேட்டர், பெட்ரோல் டியூப், பிளக், டயர், கேபிள், பிரேக் கட்டை மட்டும் பார்த்து ஓடவிடுங்கள். வெள்ளைப் புகையும் கியர் ஆயில் வாசனையும் வந்தால் கிளட்ச் பக்க சீல் போயிருக்கிறது, அப்போது எஞ்சினைப் பிரிக்கலாம். பெயின்ட் கடைசி. பிஸ்டன், கேபிள் எல்லாம் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. உடம்புத் தகடுகள்தான் தேடி அலைய வேண்டும்.

இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். நம் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வருவது என்பதால் விவசாயிக்கு நல்லதுதான், எனக்குப் புகார் இல்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். அதனால் பழைய வண்டியில் டேங்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். நான் இரண்டு லிட்டருக்கு மேல் போடுவதில்லை. நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. என் வண்டிக்கு 2004-இல் ஆரம்பித்து ஐந்து முறை புதுப்பித்துவிட்டேன். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று தனி. அப்பா கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று பாருங்கள், தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், அதைக் கணக்குப் போடாமல் மெக்கானிக்கிடம் போகாதீர்கள். இறந்தவர் பெயரில் இருப்பதை மாற்றப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். யார் பெயருக்கு மாற்றுவது என்பதை வீட்டில் எல்லாரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். வேண்டாம் என்று எடைக்குப் போடுவதானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவை ரத்து செய்துவிட்டுப் போடுங்கள். சேசிஸ் நம்பர் வேறு யார் கைக்காவது போய், நாளைக்கு ஒரு வழக்கில் உங்கள் அப்பா பெயர் வரக் கூடாது.

இந்தப் பொங்கலுக்கு என் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஸ்கூட்டரைத் தனக்குத் தர வேண்டும் என்கிறாள். மருமகனுக்குப் பழைய வண்டி என்றால் பைத்தியமாம். பேரனுக்கு மூன்று வயது. வாசலில் நின்ற வண்டியில் தானே ஏறி, கால்தட்டில் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்து உறுமிக்கொண்டிருந்தான். நான் சாவியை எடுத்தேன். என் மனைவி அடுப்படியில் இருந்தே, "குடுக்கறதுன்னா அந்த முன் டிக்கியக் கழட்டிட்டுக் குடுங்க" என்றாள். நாலு போல்ட்தான். பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடினேன், பக்க டிக்கியிலேயே இருந்தது.